மாரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்? பழைய டிவி கேமை மறுபடி ஆட எந்த வழி

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். போன மாதம் போனில் பேசும்போது, "டேய், அந்த டேங்க் கேம் இருக்குமே, அதை ஏதாவது பண்ணி வை. என் பையனை ஒரு கை பார்க்கணும்" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அதில் மூன்று வாரம் போய்விட்டது.

பழைய கேம் ஆட இன்றைக்கு வழிக்குப் பஞ்சமில்லை. பரணில் கிடக்கும் பழைய பெட்டி இருக்கிறது. கம்பெனியே குட்டியாகச் செய்து விற்ற 'மினி' இருக்கிறது. பொம்மைக் கடையில் தொங்கும் நானூறு கேம் கையடக்கக் கருவி, கணினியில் பழைய பெட்டியைப்போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள், ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கும் தொகுப்பு, பழைய பாணியில் செய்த புதுக் கேம் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் சிபாரிசு செய்ய ஆள் உண்டு. ஆனால் நான் படித்த சிபாரிசுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வளர்ந்தவர்கள் எழுதியவை. 'அசலுக்கு எது பக்கத்தில் வருகிறது' என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். நமக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது எனக்கு ஒரு நண்பன் வீட்டில்தான் உறைத்தது.

அவன் வெளிநாட்டிலிருந்து என்இஎஸ் மினி வாங்கி வந்திருந்தான். மாரியோவைப் போட்டோம். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். இரண்டாம் தடவையும் விழுந்தேன். மாரியோ வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது. பாட்டும் யாரோ பின்னாலிருந்து துரத்துவதுபோல் ஓடியது. வயதாகிவிட்டது, கை வேகம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை அவன் மகளிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோளாறு என் கையில் இல்லை.

நிண்டெண்டோ தன் ஃபேமிகாமை ஜப்பானில் 1983 ஜூலையில் விற்கத் தொடங்கியது. அது 1985இல் வேறு உருவத்தில் என்இஎஸ் என்ற பெயரோடு அமெரிக்காவுக்குப் போனது. நம் ஊரில் இந்த இரண்டையும் கண்ணால் பார்த்த பிள்ளைகள் சொற்பம். நம் வீடுகளுக்கு வந்தவை அவற்றின் நகல்கள். மீடியா, அது இது என்று அட்டைப்பெட்டியில் பெயர் இருக்கும், உள்ளே நகல் சில்லு இருக்கும். இதே வகைச் சரக்கு ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரிலும் போலந்தில் பெகாசஸ் என்ற பெயரிலும் ஓடியது. நாம் அதை 'டிவி கேம்' என்றோம், கார்ட்ரிட்ஜைக் 'கேசட்' என்றோம், 9999 இன் 1 என்று ஸ்டிக்கரில் போட்டிருந்ததை அப்படியே நம்பினோம். உட்கார்ந்து எண்ணினால் உருப்படியாக இருபது, முப்பது கேம் தேறும். மிச்சமெல்லாம் அதே கேம் வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

சரி, நகல் என்றால் என்ன, கேம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். நம் நாட்டில் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. அந்தக் காலக் கேம்கள் கணக்கையெல்லாம் இந்தப் படச்சட்டத்தை வைத்தே போட்டன. ஒரு சட்டத்துக்கு மாரியோ இவ்வளவு நகர வேண்டும், இத்தனை சட்டம் போனதும் பாட்டின் அடுத்த ஸ்வரம் வர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பால் முறை நாடுகளுக்காகச் செய்த குளோன்கள், அதாவது நகல் பெட்டிகள், ஜப்பான் கேம்களை அப்படியே 50இல் ஓட்டின. அதனால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. 60 நொடிப் பாட்டு 72 நொடி ஓடும். சுருதி கிட்டத்தட்ட அதேதான், காலப்பிரமாணம்தான் இறங்கிவிடும். நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் மாரியோ பாட்டு, யாரோ ஒருவர் நிதானமாக விளம்ப காலத்தில் பாடியது.

அது போதாதென்று ஒலியிலும் ஒரு குளறுபடி. ஃபேமிகாமின் சில்லு சதுர அலைகளை வைத்து இசை எழுப்பும். அலையின் மேல்பாதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து நாதம் தடிக்கும் அல்லது மெலியும். பல குளோன் சில்லுகளில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறிவிட்டன. தடித்து ஒலிக்க வேண்டியது மூக்கால் பாடும், மூக்கால் பாட வேண்டியது தடிக்கும். அதைத்தான் நாம் அழகு என்று நினைத்துக் கேட்டு வளர்ந்தோம்.

இப்போது கேள்வி மாறிவிடுகிறது. அசலுக்குப் பக்கத்தில் வருவது எது என்பது எனக்குத் தேவையில்லை. நாங்கள் ஆடிய தப்பான நகலுக்குப் பக்கத்தில் வருவது எது? இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். கூடவே சில சில்லறை நிபந்தனைகள்: டேங்க், காண்ட்ரா, துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹண்ட் மூன்றும் வேண்டும். இரண்டு பேர் ஆட வேண்டும். அமுக்கிப் பிடித்தாலே விடாமல் சுடும் டர்போ பட்டன் வேண்டும். பண்டிகை இரண்டு நாளும் நடுவில் படுக்காமல் ஓட வேண்டும்.

நண்பன் வீட்டு மினி முதலிலேயே அடிபட்டுவிட்டது. 2016 நவம்பரில் 60 டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக வந்த பொருள். உள்ளே 30 கேம், பார்க்க அழகு, நேரடியாக எச்டிஎம்ஐயில் செருகலாம். வேகம் 60தான். ஆனால் வேகத்தைவிட எனக்கு உறுத்தியது அதன் கேம் பட்டியல். காண்ட்ராவின் அடுத்த பாகமான சூப்பர் சி இருக்கிறது, காண்ட்ரா இல்லை. டக் ஹண்ட் இல்லை. நாம் டேங்க் என்று சொல்லும் பேட்டில் சிட்டி இல்லவே இல்லை. காரணம் எளிது: நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி அமெரிக்காவில் என்இஎஸ்ஸுக்கு வரவே இல்லை. அங்கே வளர்ந்தவர்களுக்கு அது யாரோ. ரஷ்யாவிலும் இந்தியாவிலும் கேசட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கும் கேம் அது. மினியில் அடைத்திருப்பது அமெரிக்கப் பிள்ளையின் 1988. அதில் எனக்கு ஏக்கப்பட ஒன்றுமில்லை. போதாததற்கு ஜாய்ஸ்டிக் வயர் மூன்றடிகூட வராது, டர்போவும் கிடையாது. சோனி 2018 டிசம்பரில் விட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் கதை நேர்மாறு. 20 கேமில் 9 கேம் 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பதிப்பு, அமெரிக்கர்கள் மெதுவாக ஓடுகிறது என்று திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் திட்டியதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அடுத்து, பரண். பழைய பெட்டி அம்மா வீட்டில் இருந்தது. அடாப்டர் இல்லை, ஒரு ஜாய்ஸ்டிக்கின் வயர் எலி கடித்துப் போயிருந்தது, ஆனால் பெட்டிக்கு உயிர் இருந்தது. கேசட்டை வழக்கம்போல ஊதிச் செருகினேன். இந்த ஊதுகிற பழக்கம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. உண்மையில் ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை, எடுத்துத் திரும்பச் செருகும்போது தகடுகள் சரியாக உட்காருவதால்தான் ஓடுகிறது. வாயின் ஈரம் தகட்டை அரிக்கத்தான் செய்யும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் முப்பது வருட அழுக்கு கறுப்பாக வருகிறது.

டிவிதான் பெரிய கேள்வி. பழைய பெட்டியைப் புது எல்ஈடி டிவியில் ஏவி வயரால் செருகினால் படம் கலங்கலாக வரும். அதைவிட மோசம், தாமதம். இந்தப் பெட்டிகள் அனுப்பும் எளிய சிக்னலைப் பல புது டிவிகள் வேறு வகை என்று தப்பாக எடுத்துக்கொண்டு அதைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாரியோ குதிப்பான். பிக்சர் டியூப் டிவியில் இந்தத் தொல்லை இல்லை, சிக்னல் வந்த கையோடு திரையில் விழும். டியூப் டிவிக்கு எங்கே போவது என்று யோசிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு தகவல்: 2006இல் தொடங்கி அரசு வீடுவீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குல டியூப் டிவிதான். கோடிக்கு மேல் கொடுத்தார்கள். உங்கள் பாட்டி வீட்டில் துணி போட்டு மூடி, மேலே சாமி படம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரே எச்சரிக்கை, ஓடவில்லை என்று பின்பக்கத்தைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வேகம், நாதம், டர்போ எல்லாம் இந்த வழியில் பழையபடியே இருக்கும், ஏனென்றால் பழையதேதான் இது. அதோடு டக் ஹண்டை அந்தப் பழைய துப்பாக்கியால் ஆட இது ஒன்றுதான் வழி. அந்தத் துப்பாக்கி ஒளியைச் சுடுவதில்லை, ஒளியைப் பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணரி அந்த நேரத்தில் வெள்ளையைக் கண்டால் வாத்து செத்தது. டியூப் டிவி வரைகிற விதத்தையும் நேரத்தையும் நம்பிச் செய்த கணக்கு அது. எல்ஈடி திரையில் வெள்ளை தாமதமாக வரும், வந்தாலும் டியூபின் துடிப்பு இருக்காது. வாத்துகள் அத்தனையும் சிரஞ்சீவி. அந்த நாய் சிரித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இதையே தேர்ந்தெடுக்கவில்லை? பெட்டி மூன்றாம் நாள் சாயங்காலம் சூடேறித் திரை முழுக்கக் கோடு போட்டது. ஆறவிட்டால் ஓடுகிறது, அரை மணியில் மறுபடி கோடு. பொங்கலன்று சரியாக அண்ணன் ஜெயிக்கப் போகும்போது இது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பொம்மைக் கடையில் தொங்கும் நானூறு இன் ஒன் கையடக்கம் சில நூறு ரூபாய்தான். ஒருவகையில் நம் பொற்காலத்தின் நேரடி வாரிசு இதுதான். அதே நகல் சில்லு பரம்பரை, ஒரே கேமை இரண்டு பெயரில் போடும் அதே புளுகு. டிவியில் செருக வயரும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கும் கூட வருகிறது. நான் வாங்கியதில் பட்டன் நான்காம் நாளே அமுங்கியபடி நின்றுவிட்டது. குழந்தைக்கு ரயில் பயணத்தில் கொடுக்கலாம். இரண்டு பெரியவர்கள் பந்தயம் கட்டி ஆட இது தாங்காது.

ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கும் வழியை நான் முதலில் மதிக்கவில்லை, பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. கோனாமி 2019இல் வெளியிட்ட காண்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பில் என்இஎஸ் பதிப்போடு ஜப்பான் ஃபேமிகாம் பதிப்பும் இருக்கிறது. அந்த ஜப்பான் பதிப்பில் பனி பெய்யும், மரங்கள் அசையும், அமெரிக்கப் பதிப்பில் அவை கிடையாது. 2020இல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுப்பில் பேட்டில் சிட்டி இருக்கிறது. இரண்டையும் வாங்கிவிட்டேன். திருட்டு கேசட்டில் ஆடிய கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். கேம்களும் சுத்தமாக ஓடுகின்றன. ஆனால் மாரியோ இங்கே கிடையாது, அதை நிண்டெண்டோ தன் கருவிகளுக்கு வெளியே விடுவதில்லை. மாரியோ கிடைக்கும் நிண்டெண்டோவின் இணையச் சந்தா 2018 செப்டம்பரில் தொடங்கியது, ஆடுவதற்கு அவர்களுடைய ஸ்விட்ச் கருவி வேண்டும். இரண்டு நாள் கூத்துக்காக ஸ்விட்ச் வாங்கினால் வீட்டில் என் கதை முடிந்தது. அதோடு இந்தத் தொகுப்புகளும் 60இல் ஓடும் பதிப்புகளே. டேங்குகள் விறுவிறுவென்று வந்து நாம் காக்க வேண்டிய கழுகைச் சுட்டுவிட்டுப் போகின்றன.

மிச்சம் எமுலேட்டர். 1997இல் நெஸ்டிகிள் வந்த காலத்திலிருந்தே வீட்டுக் கணினியில் இது நடக்கிறது. மெசன் என்ற எமுலேட்டரின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது இரண்டு வரிகளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரதேசம் என்ற இடத்தில் அமெரிக்கா, ஐரோப்பாவோடு டெண்டி என்று ஒரு தேர்வு. ஒலிப் பக்கத்தில், பழைய குளோன்களைப்போல அலை விகிதத்தை இடம் மாற்றவா என்று ஒரு கட்டம். ரஷ்யாவில் நகலில் ஆடி வளர்ந்தவர்களும் நம்மைப்போலவே 'இது சரியில்லையே' என்று நினைத்திருப்பார்கள் போல. இரண்டையும் போட்டேன். மாரியோவைத் தொடங்கினேன். முதல் நான்கு ஸ்வரம் வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து, "ஏன்டா, இதை இன்னும் தூக்கிப் போடலையா?" என்றார். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம். முதல் பள்ளத்தைத் தாண்டினேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எமுலேட்டர் மென்பொருள் தன்னளவில் குற்றமில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சோனி தொடுத்த வழக்கில் சொன்னது. கேம் கோப்புகளை இறக்குவது வேறு சங்கதி, அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. சொந்தக் கேசட்டிலிருந்து நகல் எடுத்துக்கொள் என்று அங்கே அறிவுரை சொல்வார்கள். நம் கேசட்டே திருட்டு நகல் என்னும்போது அந்த அறிவுரை எங்கே போய் நிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு பக்கம், வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையிலேயே இல்லை. விற்காததை எப்படி வாங்குவது? விற்பதை வாங்கிவிட வேண்டும், மற்றதற்கு அவரவர் மனசாட்சி. நான் அந்த இடத்தில் நிற்கிறேன்.

உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ என்ற சில்லுப் பலகையில் பழைய சில்லையே மறுபடி உருவாக்கும் மிஸ்டர் என்ற வழியும் இருக்கிறது. அருமையான வேலை. எட்டு வயதில் அஞ்சு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் ஆடியதை மீட்க அவ்வளவு செலவு எனக்குக் கட்டுப்படியாகாது.

பழைய பாணியில் வரும் புதுக் கேம்களையும் சிலர் சொன்னார்கள். 2014இல் வந்த ஷவல் நைட் நன்றாகவே இருக்கிறது. ஃபேமிகாமில் ஒரே வரிசையில் எட்டு உருவத்துக்கு மேல் வந்தால் படம் மினுக்கும். ஷவல் நைட்டில் மினுக்கலே இல்லை, நிறமும் திரையும் தாராளம். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பழைய கேம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வயதான சகோதரர்கள் இருவர் மூன்று மணி நேரம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயது. அமெரிக்காவில் பொற்காலம் என்றால் 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்ததில் தொடங்கும் ஆர்கேட் காலத்தைச் சொல்பவர்கள் உண்டு. 1983இல் அங்கே சந்தையே சரிந்து, அடாரி விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குழிதோண்டிப் புதைத்ததையும் அதே வாயால் சொல்வார்கள். என் கல்லூரித் தோழர்களைக் கேட்டால் பிரவுசிங் சென்டரில் ஆடிய கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும்தான் பொற்காலம் என்று சத்தியம் செய்வார்கள். அண்ணன் மகனுக்கு அந்தப் பொற்காலம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, மொபைலில், நான்கு நண்பர்களோடு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தபோதும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தபோதும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே உத்தரவில் மைதானம் மூடியது. சர்வர் இருக்கும்வரைதான் அந்தக் கேம். முப்பது வருடம் கழித்து அவன் பரணில் தேடினால் சார்ஜர்தான் கிடைக்கும். எங்கள் கேசட் பொய் சொன்னது, திருட்டுச் சரக்கு, மெதுவாக ஓடியது. ஆனால் எலிக்குத் தப்பி இன்னும் ஓடுகிறது.

ஏற்பாடு இப்படி முடிந்தது. பழைய மடிக்கணினி ஒன்றை எச்டிஎம்ஐ வழியாகக் கூடத்து டிவியில் செருகி, டிவியில் கேம் மோடு போட்டாயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, டர்போ உள்ள இரண்டு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக். எமுலேட்டரில் டெண்டி வேகம், மாற்றிப் போட்ட நாதம். வயர் நீளம் போதவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும், அது ஐம்பது ரூபாய் விஷயம். டேங்கில் முதல் ஆளுக்கு மஞ்சள், இரண்டாம் ஆளுக்குப் பச்சை. மஞ்சள் யாருக்கு என்பதில் பேச்சுவார்த்தை கிடையாது என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டான். அண்ணன் மகனுக்கு மட்டும் 60இல் வைக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அவன் கைக்கு 50 ரொம்பச் சுலபம்.

டக் ஹண்டுக்காகப் பழைய பெட்டியையும் அரசு டிவியையும் பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். அரை மணி ஆடலாம், அரை மணி ஆறவிடலாம். துப்பாக்கி மட்டும் இன்னும் அகப்படவில்லை. கொலுப் பொம்மைப் பெட்டிக்குள் இருக்கும் என்கிறார் அம்மா.